மூன்று நிமிட வேலை

எடெல்மீராவின் தெரு பதினொரு பாகைச் சரிவு.
நாற்காலிக்கு விதித்த எல்லை ஒன்பது.
அந்த இரண்டு பாகைக்கு மேலே இருக்கின்றன
ரொட்டிக் கடை, விஞ்ச் நிலையம்,
விஞ்சில் இறங்கினால் மீன் சந்தை,
வால்பரைசோ துறைமுகம் முழுக்க.

நான் கம்பெனி ஆள்.
சட்டைப் பையில் என் பெயரைவிடப் பெரிதாக
அவர்கள் பெயர் தைத்திருக்கும்.
கட்டைவிரல் அளவு கறுப்பு டாங்கிள் ஒன்று கொடுத்திருக்கிறார்கள்.
அதைச் சொருகினால்தான் நாற்காலி
வாய் திறந்து பேசும்.

மார்ச்சில் முதல் தடவை போனேன்.
தகரச் சுவர் வீடு, மஞ்சள் பெயின்ட்.
சந்தைக்காரர்களுக்குக் கணக்கு எழுதுகிறவள்;
நனைந்த சீட்டுகளை மேசையில்
நெத்திலி மாதிரி பரப்பிக் காயவைத்திருந்தாள்.
ஒன்பதை அழித்துப் பன்னிரண்டு என்று அடித்தேன்.
மூன்று நிமிடம்.
எண்பத்து நாலாயிரம் பெசோ.
ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
“உரிமையாளர் என்ற இடத்தில்
என் பெயர் இருக்கிறதே, தோன் நிபால்தோ,
அச்சுப் பிழையா?”

இதற்கு என்னிடம் பதில் உண்டு.
பயிற்சியில் கொடுத்தது. பாதுகாப்பு என்று தொடங்கும்.
அதை முழுப் பொய் என்றும் தள்ள முடியாது.
கோன்கோனில் ஒருவன்
எவனோ விற்ற கள்ள டாங்கிளால் வேகத்தைக் கூட்டி
கடற்கரைப் படிக்கட்டில் போய்ச் சரிந்தான்.
இடுப்பெலும்பு. அந்த நாற்காலியை நான்தான் அள்ளி வந்தேன்.
இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.
“என் தம்பி மோட்டார் சைக்கிளில் விழுந்து
காலை உடைத்துக்கொண்டான்.
அவன் போகும் ரோட்டை யாரும் பாகை போட்டு அளக்கவில்லை.
விழுவதற்குக்கூட
உங்களுக்கெல்லாம் உரிமை இருக்கிறது.”
நான் பையை மூடினேன்.
ஜிப் சிக்கிக்கொண்டது.

ஐந்தாம் இரவு
அவள் தூங்க, பக்கத்தில் நாற்காலி சார்ஜ் ஏற,
எங்கிருந்தோ ஒரு அப்டேட் வந்து இறங்கியிருக்கிறது.
காலையில் ஏற்றத்தின் நடுவில் நின்றுவிட்டது.
திரையில் மறுபடி ஒன்பது.
கீழே மிகப் பணிவான எழுத்தில்:
உங்கள் அனுபவம் மேம்படுத்தப்பட்டது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்.
நான்தான் பூசாரி என்று
பதினொரு வருஷம் நம்பியிருந்தேன்.
ஓடிப் போய்ச் சொருகினேன்.
‘உரிமம் காலாவதி’ என்றது டாங்கிள்
என் முகத்துக்கு நேராக.
சாந்தியாகோ அலுவலகம் சந்தா கட்ட மறந்துவிட்டதாம்.
அவர்கள் ஐரோப்பாவில் யாரையோ கேட்க வேண்டுமாம்.
அங்கே அன்றைக்கு விடுமுறை.
காத்திருங்கள் என்று ஓடுகிற பியானோ இசை
எனக்கு இப்போது மனப்பாடம்.

கொடியவர்கள் என்று சொல்ல மாட்டேன்.
பார்த்திருந்தால்தானே சொல்ல.
ஒரு குரல்கூடக் கேட்டதில்லை.
திறவுகோல் எந்த நாளில்
செங்கோலாக மாறியது என்று
அதைப் பையில் சுமந்தவன் நான் யோசித்ததே இல்லை.
ஊன்றுகோலாக அந்த நாற்காலியை நம்பியவள்
தேதியோடு குறித்து வைத்திருக்கிறாள்,
கணக்குப் பிள்ளை அல்லவா.

நாற்காலியின் வயிற்றுக்கடியில்
சிவப்பாக ஒரு நெம்புகோல் உண்டு.
மோட்டாரிலிருந்து சக்கரத்தை அவிழ்த்துவிடும்.
வெறும் இரும்பு.
கடவுச்சொல் கேட்காது.
இழுத்தேன்.
நூற்று நாற்பது கிலோவும் எடெல்மீராவும்
என் நெஞ்சின் மேல் சாய,
ரொட்டிக் கடைப் பையன் மாவுக் கையோடு ஓடிவந்தான்.
எங்கள் பங்குக்கு ஒரு தெருநாய் குரைத்தது.
தள்ளினோம்.
வியர்வையில் கம்பெனிப் பெயர் ஊறி
தோலோடு ஒட்டிக்கொண்டது.
பாதி ஏற்றத்தில் திரும்பாமலே கேட்டாள்,
“இதற்கும் ரசீது உண்டா?”
மூச்சு வாங்கியது எனக்கு.

புது மாடலின் படம் நேற்று வந்தது.
அழகான நாற்காலி. எடை குறைவு.
வயிற்றுக்கடியைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
வழவழவென்று மூடியிருக்கிறது.
சிவப்பாக எதுவும் இல்லை.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை.